அல்ஜிப்ரா தாளின் தலையில் ஒரு வரி

போன மாதம் இரண்டு இளம் ஆசிரியர்கள் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இருவரும் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுக்கிறவர்கள். பிள்ளைகள் அல்ஜிப்ராவில் நிற்க மாட்டேன் என்கிறார்கள், ஒரு வாரம் புரிந்தது மறு வாரம் போய்விடுகிறது என்று குறைப்பட்டார்கள்.

"நீங்க நோட்டு, டெஸ்டு, மார்க்குன்னு ஒரு முறை வச்சிருந்தீங்களாமே சார், அதைக் கொஞ்சம் சொல்லித் தாங்க" என்று மூத்தவர் கேட்டார்.

சொன்னேன். கேட்டதையெல்லாம் எழுதிக்கொண்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகு என் மனைவி வந்து தம்ளர்களை எடுத்தாள்.

"எல்லாத்தையும் சொல்லியாச்சா?"

"முறையைச் சொன்னேன்."

"அந்தப் பிள்ளையை?"

"இல்லை" என்றேன். தம்ளர்களோடு உள்ளே போய்விட்டாள். வாயால் சொல்ல வராததை எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். சுசீந்திரத்துச் சாமி துணையிருக்கட்டும். இதில் பொய்யாக ஒரு சொல் விழ வேண்டாம்.

நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. பள்ளி இறுதிப் பரீட்சை தேறி, ஆசிரியர் பயிற்சி முடித்தேன். அதற்கு மேல் படிக்க வைக்க வீட்டில் வசதி இல்லை. சுதந்திரம் கிடைத்த 1947-ல், கொட்டாரத்துக்கு வடக்கே மாவடிக்குளம் என்ற ஊரிலிருந்த ஹைஸ்கூலில் சின்ன வகுப்புகளுக்கு வாத்தியாராகச் சேர்ந்தேன். அது ஒரு பண்ணையார் நடத்திய பள்ளிக்கூடம். அவர்தான் மேனேஜர், நாங்கள் முதலாளி என்போம். பெரிய வகுப்புக்குக் கணக்கு எடுக்க வந்த பட்டதாரிகள் ஒருவரும் வயல்காட்டு ஊரில் தங்கவில்லை. இரண்டு வருசத்தில் மூன்று பேர் போனார்கள். கடைசியில், "நீரே எடுத்துப் பாரும்" என்று நாலு, ஐந்து, ஆறாம் பாரங்களின் அல்ஜிப்ராவை என்னிடம் விட்டார்கள். இப்போதைய கணக்கில் ஒன்பதாம் வகுப்பு முதல் பள்ளி இறுதி வரை என்று வைத்துக்கொள்ளலாம். புத்தகத்தில் பீஜகணிதம் என்றும் சமீகரணம் என்றும் இருக்கும். வகுப்பில் எல்லாருக்கும் அது அல்ஜிப்ராதான்.

எனக்கே கஷ்டப்பட்டு வந்த பாடம் என்பதால், பிள்ளை எங்கே வழுக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. நாஞ்சில் நாட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. கும்பப்பூ நெல் அறுப்பு மாசியில் வரும். பரீட்சைக்கு முந்திய அந்த நாட்களில் பாதி வகுப்பு களத்தில் நிற்கும். சூடடித்துவிட்டு வருகிற பையனிடம் எக்ஸ் என்று சொன்னால், அது யார் என்று கேட்பான். ஆகவே பாடத்தை மூளையில் மட்டும் வைத்தால் போதாது, கையிலும் வைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். கைக்கு வந்தது அறுப்புக்குப் போனாலும் மறக்காது. என் முறை முழுவதும் இந்த ஒரு எண்ணத்திலிருந்து வந்ததுதான்.

நோட்டில் வலப்பக்கம் மட்டும் வகுப்பில் எழுத வேண்டும். இடப்பக்கம் வெறுமையாகக் கிடக்கும். வீட்டுக்குப் போய், வலப்பக்கத்தை ஒரு தாளால் மூடிக்கொண்டு, அதே கணக்கை இடப்பக்கத்தில் தானாகப் போட்டுவர வேண்டும். நான் கையெழுத்துப் போடுவது இடப்பக்கத்துக்கு மட்டும்தான். பார்த்து எழுதினால் எனக்குத் தெரிந்துவிடும். பார்த்து எழுதுகிறவன் தப்பே செய்ய மாட்டான் அல்லவா.

திங்கட்கிழமை முதல் பீரியடு டெஸ்டு. மூன்றே கணக்கு. ஒன்று போன வாரத்தது, ஒன்று எப்போதோ நடத்திய பழையது, ஒன்று அவர்கள் பார்த்திராத புதியது. "தெரியாத எண்ணை எக்ஸ் என்க" என்று முதல் வரி இல்லாவிட்டால் நான் மேலே படிக்க மாட்டேன். கடைசியில் கிடைத்த விடையைச் சமீகரணத்தில் திரும்பப் போட்டுச் சரிபார்க்க வேண்டும். சரிபார்க்காத விடை சரியாக இருந்தாலும் பாதி மார்க்குதான். புதன்கிழமை தாளைத் திருப்பித் தருவேன். தப்பு நடந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் மட்டும் இருக்கும். என்ன தப்பு என்று எழுத மாட்டேன். அதை அவனே கண்டுபிடித்துத் திருத்திக் கொண்டுவந்தால், பழைய மார்க்குக்குப் பக்கத்தில் இரண்டாவது மார்க் போடுவேன். பழையதை அடிக்க மாட்டேன். விழுந்ததும் தெரிய வேண்டும், எழுந்ததும் தெரிய வேண்டும்.

ராங்க் போடுவது எனக்குப் பிடிக்காது. மாதக் கடைசியில் ஒவ்வொருவர் கார்டிலும் அவரவர் தப்பின் இனத்தை எழுதுவேன். "குறித் தப்பு" என்றால், அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் நிற்பதைப் பார்க்காமல் உள்ளேயிருப்பதைக் குறி மாற்றாமல் வெளியே இழுத்துப் போட்டது. "அவசரத் தப்பு" என்றால் கேள்வியிலிருந்து எண்ணை எடுத்தெழுதும்போது 7-ஐ 1 ஆக்கியது. "புரியாத் தப்பு" என்றால் அது என்னுடைய வேலை, நான் மறுபடி நடத்த வேண்டும். ஒரு தகப்பனார் கார்டைப் பார்த்துவிட்டு, "என்ன சாரே, எம் பயலுக்கு மூணு தப்பும் இருக்கே, இனி வேற உண்டுமா?" என்று கேட்டார். இரண்டே வருசத்தில் ஆறாம் பாரத்தில் கணக்கில் தோற்கிறவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். இதைத்தான் அந்த இளைஞர்களுக்குச் சொன்னேன்.

இனிச் சொல்லாததைச் சொல்கிறேன்.

எங்கள் ஹெட்மாஸ்டர் பி.ஏ., எல்.டி. படித்தவர். மூடின கோட்டு, அங்கவஸ்திரம், நெற்றியில் சந்தனம். ஒருநாளும் குரலை உயர்த்த மாட்டார். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. எதையும் எழுத்தில் தர மாட்டார். மற்றப் பள்ளிக்கூடங்களில் சர்க்குலர் வரும், வாசித்துக் கையெழுத்துப் போடுவார்கள். இங்கே பியூன் அணஞ்சபெருமாள்தான் சர்க்குலர். வகுப்பு வாசலில் வந்து நின்று, "ஹெட்மாஸ்டர் சொல்லச் சொன்னாவ" என்று ஆரம்பிப்பான். இன்னாருக்கு லீவு இல்லை, இன்ன பீரியடு மாற்றம், எல்லாம் அவன் வாய்தான். எழுதிக் கேட்டால் ஹெட்மாஸ்டர் சிரிப்பார். "நமக்குள்ள என்ன ஓய் எழுத்து! நாமெல்லாம் ஒரு குடும்பம்லா" என்பார். எனக்கு அது பெருந்தன்மையாகத்தான் அப்போது தோன்றியது.

ஒரு வருசம் ஆண்டுவிழாவில் பிள்ளைகளின் நோட்டுகளைப் பரப்பி வைத்திருந்தார்கள். முதலாளி ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒருவன் பிள்ளையார் சுழி போட்டிருந்தான், ஒருவன் சிலுவை போட்டிருந்தான், ஒருவன் 786 எழுதியிருந்தான், அய்யாவழிக் குடும்பத்துப் பிள்ளைகள் "அய்யா துணை" என்று எழுதியிருந்தார்கள். முதலாளிக்கு மனசு தாங்கவில்லை. "இது எங்க அம்மன் குடுத்த பள்ளிக்கூடம். ஒரு நோட்டிலயாவது அம்மன் பேரு உண்டுமா?" என்று கேட்டாராம்.

மறுநாள் அணஞ்சபெருமாள் வந்தான். "ஹெட்மாஸ்டர் சொல்லச் சொன்னாவ. இனி எல்லாப் பாரத்திலயும் நோட்டு, டெஸ்ட் தாளு, எதுவானாலும் தலையில 'மாவடிக்குளம் ஸ்ரீ முத்தாரம்மன் துணை'ன்னு எழுதணுமாம். எழுதாத தாளுக்கு ஒரு மார்க் குறைக்கணுமாம்."

அன்று சாயங்காலமே ஹெட்மாஸ்டரைப் போய்ப் பார்த்தேன். திருநீறு பூசாமல் ஒரு நாளும் வீட்டைவிட்டு இறங்காதவன் நான். சாமி பேரை எழுத எனக்கு என்ன மனத்தடை? என் பயம் வேறு.

"சார், சர்க்கார் பரீட்சையில் விடைத்தாளில் அடையாளம் எதுவும் இருக்கக் கூடாதே" என்றேன். "பிள்ளையார் சுழின்னா கண்ணை மூடிட்டு விட்டுருவாங்க. இதுல ஊர்ப் பேரே கிடக்கு. எந்தப் பள்ளிக்கூடம்னு திருத்துறவனுக்குத் தெரிஞ்சு போகுமே."

"எனக்குத் தெரியாதா பிள்ளைவாள்?" என்று சிரித்தார். "சர்க்கார் பரீட்சை அன்னைக்கு எழுதாதேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போச்சு."

"கை பழகிருமே சார்."

"கணக்குக்குத்தான் கை பழகும்னு சொல்வீரு. சாமிக்குமா?"

அறையில் இருந்த இன்னொரு வாத்தியார் சிரித்தார். நான் வந்துவிட்டேன். வரியில்லாத தாளுக்கு எல்லாரும் ஒரு மார்க் குறைத்தோம், நானும் குறைத்தேன். சில வாரங்களில் குறைக்க வேண்டிய தாளே வரவில்லை. பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள்.

அந்த வருசம் நாலாம் பாரத்தில் வந்து சேர்ந்தவள் தங்கக்கனி. கொட்டாரம் ஜங்ஷனில் கருப்பட்டிக் கடை வைத்திருந்த வைகுண்டத்தின் மகள். அய்யாவழிக் குடும்பம். நெற்றியில் மேல்நோக்கி ஒற்றை நாமம். அவர்கள் வீட்டில் விக்கிரகக் கும்பிடு கிடையாது. அம்மன் கொடைக்குக் கூடப் போக மாட்டார்கள். புது உத்தரவைக் கேட்டு வைகுண்டம் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். நான் சங்கடத்தோடு நின்றேன்.

"எங்க வீட்டுல அந்தப் பேரைச் சொல்லதே இல்ல சாரே" என்றார். கொஞ்ச நேரம் மகளைப் பார்த்தார். பிறகு, "செரி, மார்க்கு போவாண்டாம். எழுதட்டும். அய்யா கோவிக்க மாட்டாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவளைப் பற்றிப் புகழ்ந்து எழுதினால் மிகையாகத் தோன்றும். ஒன்று மட்டும் சொல்கிறேன். என் முறையைச் சொன்னபடி அப்படியே பிடித்துக்கொண்டவள் அவள் ஒருத்திதான். முதலில் அவளுக்கு ஓயாத குறித் தப்பு. கார்டில் மூன்று மாதம் அதையே எழுதினேன். ஒருநாள் நோட்டைக் கொண்டு வந்து, "சாரே, கழித்தல் நிக்க அடைப்பைக் கண்டா இனி நான் சுத்தி வேலி போட்டுட்டுத்தான் உள்ள போவேன்" என்றாள். இடப்பக்கம் முழுக்க, அடைப்புக்குறிகளைச் சுற்றி பென்சிலால் குட்டிக் குட்டிக் கட்டம். அதன் பிறகு அந்தத் தப்பு வரவேயில்லை. ஒவ்வொரு விடையையும் சரிபார்ப்பாள். மூன்று கணக்குக்கு மற்றவர்கள் ஒரு தாள் வாங்கினால் அவள் இரண்டு வாங்குவாள். ஒவ்வொரு தாளின் தலையிலும், முத்து முத்தான எழுத்தில் அந்த வரி இருக்கும்.

அவளுக்கு வாத்தியாராக வேண்டும் என்று ஆசை. நாகர்கோவிலில் பயிற்சிப் பள்ளியில் சேர்ப்பதாகத் தகப்பனார் சம்மதித்திருந்தார். ஆனால் கருங்கலில் அவளுக்கு ஒரு முறைமாப்பிள்ளை இருந்தான், கடைக்காரன். அவர்கள் அவசரப்படுத்தினார்கள்.

"பாஸாயிட்டாள்னா படிக்கட்டும் சாரே. தவறினா நான் அங்க வாக்குச் சொல்லியாச்சு. பிறகு எனக்கு நாக்கு புரளாது" என்றார் வைகுண்டம். ஆக, ஒரே பரீட்சையில்தான் அந்தப் பெண்ணின் காரியம் நின்றது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவள் ஆறாம் பாரத்தில் இருந்த வருசம், தை பிறந்ததும் எனக்குப் பயம் அதிகமாகிவிட்டது. மூன்று வருசம் ஒவ்வொரு தாளிலும் எழுதிய கை அது. ஒரு நாள் சொல்லி நிறுத்த முடியாது, பழக்கித்தான் நிறுத்த வேண்டும். திங்கட்கிழமை டெஸ்டில் ஆறாம் பாரத்துக்கு மட்டும், "இனித் தாளின் தலையில் ஒன்றும் எழுதக் கூடாது. எழுதினால் இரண்டு மார்க் குறைப்பேன்" என்றேன்.

வகுப்பு விழித்தது. பின் பெஞ்சிலிருந்து ஒரு வம்புக்காரன் எழுந்தான்.

"சாரே, ஒரு சந்தேகம். இங்கிலீஷ் பீரியடுக்கு அம்மன் உண்டும், கணக்குப் பீரியடுக்கு அம்மன் இல்ல, அப்படியா?"

"அம்மன் எக்ஸா இருக்கும்லே, கண்டுபிடி" என்றான் பக்கத்திலிருந்தவன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு மதியத்துக்குள் ஆபீஸ் அறைக்குப் போய்விட்டது.

அணஞ்சபெருமாள் வந்தான். "சாரு, ஹெட்மாஸ்டர் விளிக்காவ. மொகம் செரியில்ல" என்று மெதுவாகச் சொன்னான்.

ஹெட்மாஸ்டர் எனக்கு நாற்காலி போடச் சொன்னார். காப்பி வந்தது. அவர் கோபத்தின் அடையாளம் அதுதான்.

"அம்மன் பேரை எழுதினா ரெண்டு மார்க்காமே பிள்ளைவாள்?"

"பரீட்சைக்கு இன்னும் ரெண்டு மாசம்தான் சார். கையை மாத்தணும்."

"முதலாளி காதுல இது எப்படி விழும்னு யோசிச்சீரா? கணக்கு வாத்தியான் அம்மனுக்கு அபராதம் போடுகான்னு விழும்."

"நான் சாமி கும்பிடாதவனா சார்?"

"நீரு கும்பிடுவீரு. அது எனக்குத் தெரியும். முதலாளிக்குத் தெரியணுமே." காப்பித் தம்ளரை என் பக்கம் நகர்த்தி, கருணையோடு சொன்னார்: "உமக்கு அவ்வளவு பயம்னா பரீட்சை அன்னைக்குக் காலையில நீரே வாசல்ல நின்னு ஒவ்வொரு பிள்ளையிட்டயும் சொல்லும். நான் தடுக்கல்ல. அதுவரைக்கும் பள்ளிக்கூட வழக்கம் மாறாண்டாம்."

மறு திங்கட்கிழமை முதல் அந்த வரி திரும்பவும் தாள்களின் தலையில் ஏறிக்கொண்டது.

பங்குனியில் பரீட்சை. சென்டர் நாகர்கோவிலில் வேறொரு பள்ளிக்கூடம். தினமும் விடியற்காலையில் நடந்தும் பஸ் பிடித்தும் போய் வாசலில் நின்றேன். எங்கள் பிள்ளைகள் உள்ளே போகும்போது ஒவ்வொருவரிடமும் சொன்னேன்: "நம்பரைத் தவிர ஒண்ணும் எழுதக் கூடாது மக்கா. ஊரு, பேரு, சாமி, ஒண்ணும்."

முதல் நாட்கள் நல்லபடியாகப் போயின. தங்கக்கனி வெளியே வரும்போது தூரத்திலிருந்தே தலையை ஆட்டுவாள், எழுதவில்லை என்று. கணக்குப் பரீட்சை அன்றும் சொன்னேன். "ஓர்மை இருக்கு சாரே" என்று சிரித்துக்கொண்டு போனாள்.

மணியடித்து எல்லாரும் வந்தார்கள். கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தேன். எல்லாம் எங்கள் பிள்ளைகளுக்குக் கைவந்த கணக்குகள். மனசுக்குள் சாமியைக் கும்பிட்டேன். அவள் கடைசியாக வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"சாரே, எழுதிட்டேன்."

"நல்லா எழுதுனியா?"

"அந்த வரிய எழுதிட்டேன் சாரே."

அவளைக் கூட்டத்திலிருந்து ஓரமாக அழைத்துப் போனேன். மெதுவாகக் கேட்டேன். அழாமல் சொன்னாள்.

"முத தாளு அச்சடிச்சது சாரே. நம்பர் எழுதக் கட்டம் இருந்து. அதுல ஓர்மை இருந்து. எல்லாத்தையும் சரிபாத்து எழுதினதுல தாளு தீந்துட்டு. அடிஷனல் ஷீட் வாங்கினேன். அது சும்மா வெள்ளைத்தாளு. மேசையில வச்சதும் கணக்கைப் பாத்துட்டே எழுதத் தொடங்கினேன். கடைசியில நூலு போட்டுக் கட்டும்போதுதான் பாக்கேன், தலையில அது கிடக்கு. அடிச்சிரட்டான்னு கேட்டேன். அடிச்சாலும் அடையாளந்தான் பிள்ளேன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு."

அந்த சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை. வெளியே வந்து என்னைத் தேடிப் பார்த்து, "பாத்தாச்சு மாஷே, பாத்த பிறகு மறைக்க என்னால முடியாது. தெரியாம எழுதினதுன்னு ரிப்போர்ட்டில சேர்த்திருக்கேன்" என்றார். சட்டப்படி அவர் செய்தது சரி. அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

ரிசல்ட் வந்தபோது எங்கள் பள்ளிக்கூடம் ஜில்லாவில் பேசும்படி தேறியிருந்தது. தங்கக்கனியின் நம்பர் மட்டும் ரிசல்ட் நிறுத்தி வைக்கப்பட்ட நம்பர்களில் இருந்தது. பிறகு கல்வி இலாகாவிலிருந்து ஹெட்மாஸ்டருக்குக் கடிதம் வந்தது. இப்படி ஒரு வரியை எழுதுவது உங்கள் பள்ளியின் வழக்கமா, இல்லை இந்த மாணவி ஏதோ நோக்கத்தோடு தானாக எழுதியதா என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். வழக்கம் என்று ஒரு சொல் எழுதினால் போதும், ரிசல்ட் வந்துவிடும் என்று நான் சந்தோசப்பட்டேன். கேட்கிறவர்களே வழி காட்டிவிட்டார்களே.

ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். கடிதம் மேசையில் விரிந்து கிடந்தது.

"என்ன பதில் எழுதலாம்னு நினைக்கீரு பிள்ளைவாள்?"

"உள்ளதை எழுதணும் சார்."

"உள்ளதுன்னா எது? நான் எங்கயாவது சர்க்குலர் போட்டிருக்கேனா?"

"அணஞ்சபெருமாள் வந்து சொன்னான். எல்லாரும் கேட்டோம்."

"பியூன் சொன்னதெல்லாம் ரிக்கார்டா ஓய்?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "நல்லா யோசியும். அடையாளம் எழுதப் பிள்ளைகளைப் பழக்கிற பள்ளிக்கூடம்னு நானே எழுதிக் குடுத்தா என்ன ஆகும்? மத்தப் பிள்ளைக தாளையும் எடுத்துப் பாப்பான். சர்க்கார் கிராண்டை நிறுத்துவான். முதலாளி பேரு கெடும். ஒரு பிள்ளைக்காக இத்தனையுமா?"

"மத்தப் பிள்ளைக யாரும் எழுதல்லியே சார். பாத்தா பாக்கட்டும்."

"அடுத்த வருசம் திரும்ப எழுதுவாள். தலையா போச்சு?"

"தலைதான் சார் போச்சு. கல்யாணம் பேசி வச்சிருக்கு" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. அவர் குரல் உயரவில்லை. பேனாவை எடுத்து, என் முன்னாலேயே, அவர் கையாலேயே எழுதினார். இத்தனை வருசத்தில் அவர் ஒரு காரியத்தை எழுத்தில் போட்டு நான் பார்த்தது அப்போதுதான். இப்பள்ளியில் அப்படி ஒரு வழக்கம் இல்லை, மாணவி தன் இச்சையாக எழுதியிருக்கிறாள் என்று எழுதினார். வாசித்தும் காட்டினார். அவர் நெற்றியில் அம்மன் கோயில் சந்தனம் ஈரம் காயாமல் இருந்தது.

நானும் ஒரு கடிதம் எழுதினேன். வைகுண்டத்தையும் கூட்டிக்கொண்டு இலாகா ஆபீசுக்குப் போனேன். பழைய டெஸ்ட் தாள்களை ஒரு கட்டாகக் கொண்டுபோய்க் காட்டினேன். எல்லாத் தாளின் தலையிலும் அந்த வரி இருந்தது. கிளார்க் பொறுமையாகப் புரட்டிப் பார்த்தார்.

"பிள்ளைக எழுதியிருக்கு, செரி. எழுதச் சொன்னது யாருன்னு இதுல எங்க இருக்கு?"

"நான் சொல்லுகேனே."

"நீங்க அசிஸ்டன்ட். ஹெட்மாஸ்டர் இல்லைன்னு எழுதியிருக்காரு. அதாக்கும் ரிக்கார்டு."

திரும்பும்போது பஸ்ஸில் வைகுண்டம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "நம்ம சாமி பேரை எழுதிப் பரீட்சை போயிருந்தாலாவது மனசு ஆறும் சாரே." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நான் கும்பிடுகிற தெய்வம் வேறு, அவர் கும்பிடுகிற அய்யா வேறு. அந்த நேரம் எங்கள் இரண்டு பேருக்கும் சொல்ல ஒரு சாமி பேர் இல்லை.

அவள் பரீட்சை ரத்தாயிற்று. எனக்கும் கூலி கிடைத்தது. அடுத்த வருசம் பள்ளிக்கூடம் திறந்ததும் அணஞ்சபெருமாள் வந்து, "ஹெட்மாஸ்டர் சொல்லச் சொன்னாவ" என்றான். இனி எனக்கு முதல் பாரம் போதுமாம், கூட்டல் கழித்தல் நடத்தினால் போதுமாம். ஆறாம் பாரத்து அல்ஜிப்ராவுக்குப் புதிதாக ஒரு பட்டதாரி வந்துவிட்டார். 1956-ல் நம் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்து, நான் சர்க்கார் பள்ளிக்கூடத்துக்கு மாறுகிறவரை அப்படியேதான் இருந்தேன். ஹெட்மாஸ்டர் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். நல்லாசிரியர் என்று ஊர் பேசிற்று. இன்றும் பேசுகிறது.

வைகுண்டத்தின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, ஒரே ஒரு வருசம் தவணை வாங்கினேன். கருங்கல்காரர்கள் முணுமுணுத்தார்கள். தங்கக்கனி பிரைவேட்டாகப் பரீட்சைக்குக் கட்டினாள். பள்ளிக்கூடத்துக்கு வர வழியில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தகப்பனார் என் வீட்டில் கொண்டுவந்து விடுவார். என் மனைவி அவளுக்குச் சோறு போடுவாள். நான் டெஸ்டு வைப்பேன். வெறும் வெள்ளைத்தாளாகவே கொடுத்தேன். தாள் கைக்கு வந்ததும் அவள் இடது கையை அதன் தலைப்பக்கம் அழுத்தி வைத்துக்கொள்வாள், ஏதோ எழுந்து வந்துவிடும் என்பதுபோல. அப்படியே வைத்துக்கொண்டுதான் எழுதுவாள். எழுதி முடித்ததும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

"ஏட்டி, ஒண்ணும் இல்ல, விடு" என்று என் மனைவி சொல்வாள்.

"இல்ல அக்கா, ஒருக்கப் பாத்துக்கிடுகேன்" என்பாள்.

கணக்கில் ஒரு குறையும் இல்லை. போன வருசத்தைவிட வேகமாகப் போட்டாள். பரீட்சை அன்று நான் வாசலில் போய் நிற்கவில்லை. என் முகத்தைப் பார்த்தால் பயம் கூடும் என்று நினைத்தேன். கோயிலில் போய் நின்றேன்.

ரிசல்ட் வந்த அன்று கொட்டாரத்துக்கு ஓடினேன். எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தாள். கணக்கில் மட்டும், பாஸுக்குக் கொஞ்சம் கீழே. என்னால் நம்ப முடியவில்லை. கடையில் வைகுண்டம் யாருக்கோ கருப்பட்டி நிறுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். தேதி குறித்தாயிற்று என்று அந்தக் குனிவிலேயே தெரிந்தது. அவள் உள்ளே ஓலைப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கேள்வித்தாள் என் பையில் இருந்தது. எடுத்து அவள் முன்னால் விரித்தேன்.

"எந்தக் கணக்கு மக்கா விட்டது?"

"கடைசி ரெண்டும்" என்றாள்.

பார்த்தேன். மொத்த மார்க்கில் பெரும்பங்கு அந்த இரண்டுக்கும்தான். நோட்டின் இடப்பக்கத்தில் அவள் எத்தனையோ தடவை போட்ட இனம்.

"நேரம் போச்சா?"

"இல்ல சாரே. தாளு தீந்து போச்சு. ஓரத்துல எல்லாம் எழுதிப் பாத்தேன். பிறகு இடமில்ல."

"அடிஷனல் ஷீட் கேக்கல்லியா?"

பெட்டியை அடுக்குவதை நிறுத்தினாள்.

"ரெண்டு மட்டம் சூப்பர்வைசரே வந்து கேட்டாரு சாரே, பேப்பர் வேணுமா பிள்ளேன்னு. வேண்டாம்னு சொல்லிட்டேன். வெள்ளைத்தாளு வந்தா கை என்ன செய்யும்னு எனக்குத் தெரியாது."

"கணக்கு தெரியாம இல்லையே?"

"தெரிஞ்சுது. மணியடிக்கது வர சும்மாதானே இருந்தேன், மனசுக்குள்ளயே போட்டேன். சரிபாக்கவும் செஞ்சேன்" என்றாள். கேள்வித்தாளைப் பார்க்காமலே இரண்டு விடையையும் சொன்னாள்.

இரண்டும் சரி.